ஆளை வுடுங்க, வண்டியைச் சொல்லுங்க

ஒயரிங்கம்மாவிடம் வண்டியைக் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு ஆளைத்தான் கொண்டுபோவார்கள். "எங்க டிரைவர் இருக்கான் பாருங்க..." என்று ஆரம்பிப்பார்கள். "எம் பையன் நேத்து எடுத்துக்கினு போனான், அப்போலேர்ந்துதான் இப்படி" என்பார்கள். "என் சம்சாரம் ஓட்டக் கத்துக்கறேன்னு..." என்று ஒருவர் ஆரம்பித்ததை நானே கேட்டிருக்கிறேன். அந்த அம்மா கையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லைட் இருக்கும். ஒரு முனையில் ஊசி, இன்னொரு முனையில் கிளிப், நடுவில் சின்ன பல்பு. கரண்டு வருகிறதா என்று பார்க்கிற சாமான். அதை அப்படியே உயர்த்திக் காட்டுவார்.

"ஆளை வுடுங்க, வண்டியைச் சொல்லுங்க."

அதற்கு மேல் ஒருவர் ஆளைப் பற்றிப் பேசினால் அவர் பானெட்டைத் திறக்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பேசுகிறவர் பேசி முடித்துத் தானாக நிறுத்துகிற வரைக்கும் நிற்பார். ஆரணியில் பட்டு வியாபாரிகள் முதல் ஜல்லி லாரிக்காரர்கள் வரை எல்லோரும் அந்த அம்மாவிடம் வாய் மூடக் கற்றுக்கொண்டவர்கள்தான். நான் கொஞ்சம் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். எனக்கு முன்கோபம். அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

கடை வந்தவாசி ரோட்டில், ஒரு பழைய இரும்புக் கடைக்கும் லாரிப் பட்டறைக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை. போர்டில் 'ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கலாம். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, முழுக்கை, பட்டன் கழுத்துவரை. வண்டிக்கு ஒயரிங் பார்ப்பதால் எல்லோருக்கும் ஒயரிங்கம்மா. சொந்தப் பெயர் இல்லாமலா இருக்கும்? ஊரில் யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. நானும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் வண்டி நின்றுபோனவர்கள் சர்ச்சுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து ஆராதனை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

வேலை செய்யும்போது தரையில் சாக்பீஸால் படம் போடுவார். இது பேட்டரி, இது சாவி, இது லைட், இங்கிருந்து ஒயர் இப்படிப் போகிறது என்று சிமெண்டுத் தரையில் வளைந்து வளைந்து கோடு போகும். அதை மிதித்தால் கோபம் வரும். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டித் தாண்டிப் போவார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். ரொம்ப நாள் எனக்கு அந்த அம்மாவைப் பிடிக்கவில்லை. மனசே இல்லாத பொம்பளை என்று நினைத்திருந்தேன். அதற்குக் காரணம் ஒரு கல்யாண மண்டபக்காரர்.

அந்த மண்டபக்காரருக்குப் புது கார். தினமும் காலையில் பேட்டரி செத்துப்போயிருக்கும். அவர் தன் வாட்ச்மேன்மேல் பழி போட்டார். ராத்திரியில் காருக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான், அதனால்தான் என்றார். வழக்கம்போல ஒயரிங்கம்மா டெஸ்ட் லைட்டைத் தூக்கினார். அவர் வாயை மூடினார். நான் என் ஸ்கூட்டருக்கு ஹாரன் மாற்ற வந்தவன், ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தன் செல்போனில் வீடியோ பதிவை ஓடவிட்டு, போனைக் கார் டிக்கிக்குள் வைத்து மூடினார். இரண்டு நிமிஷம் கழித்துத் திறந்து போனை எடுத்துக் காட்டினார். மூடின டிக்கிக்குள் லைட் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. மூடினால் அணையவேண்டிய விளக்கு அணையவில்லை. ராத்திரி முழுக்க எரிந்து பேட்டரியைத் தின்றிருக்கிறது.

மண்டபக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "அவனைப் போன வாரமே வேலையை வுட்டு நிறுத்திட்டேனேம்மா" என்றார்.

ஒயரிங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. சுவிட்சை மாற்றினார், டிக்கியைச் சாத்தினார், அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. 'ஒரு வார்த்தை, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா இந்தம்மா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?' என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். என் மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பொருமினேன்.

"நீங்க சொல்லியிருக்கலாமே, நீங்களும் அங்கதானே நின்னுகினு இருந்தீங்க?" என்றாள் என் மனைவி.

அது எனக்குத் தோன்றவே இல்லை. சரி, போகட்டும்.

ஒயரிங்கம்மா தன் தப்பையும் அதே மாதிரிதான் நடத்துவார். ஒருமுறை என் காருக்கு ஹெட்லைட் பார்க்கும்போது அவர் கையாலேயே ஒயர் உரசி, டப்பென்று ஃபியூஸ் போய்விட்டது. நமக்கு வாய்ப்புக் கிடைத்தால் விடுவோமா? "இது யாரும்மா பண்ணது?" என்று கேட்டேன். "ஃபியூஸ் போச்சு, மாத்திட்டேன்" என்றார். மன்னிப்பும் இல்லை, சமாளிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. இப்படியும் ஒரு ஜென்மமா என்று இருந்தது.

அன்றைக்குத்தான் கேட்டேன். "யார் பண்ணான்னு தெரிஞ்சா வேலை ஜல்தியா முடியும் இல்லம்மா?"

"முடியாதுண்ணா. ஆள் பேரு காதுல வுழுந்துட்டா கண்ணு அங்கதான் போவுது. எங்க டிரைவர் செல்ஃபைப் போட்டு இழுத்துகினே இருக்கான்னு நீங்க சொன்னா, நான் செல்ஃப் மோட்டாரைத்தான் கழட்டுவேன். போயிருக்கறது இன்னா? பேட்டரிலேர்ந்து பாடிக்குப் போற ஒயரு. ரெண்டு நாளு பேஜாரு. அதுக்குத்தான்."

தத்துவம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வேலை சீக்கிரம் முடிய ஒரு வழி, அவ்வளவுதானாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தறி. பட்டுப்புடவை நெய்து காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். அதற்காகத்தான் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தேன். ஓட்டியவன் குமரேசன், என் மனைவியின் தம்பி. சேத்துப்பட்டுக்காரன். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தான். இருபத்தாறு வயது. அதிர்ந்து பேசமாட்டான். பஸ் ஓட்டுகிற லைசென்சும் எடுத்துவைத்துக்கொண்டு, சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான். அந்த வேலை வந்தால் பெண் கொடுக்கிறோம் என்று ஒரு வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணை அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்களிடம் சொல்லமாட்டான். ஆனால் போன் வந்தால் மாடிக்கு ஓடுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை என் அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு படவேடு கோயிலுக்குப் போனான். திரும்பி வரும்போது சந்தவாசலுக்குப் பக்கத்தில், எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. முன்னால் இருக்கிற ஃபேன் ஊளையிட்டுக்கொண்டு சுற்றுகிறது. அவன் உடனே ஓரம் கட்டி, வண்டியை அணைத்து, எனக்குப் போன் செய்தான்.

"ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியாடா?"

"பாத்தேன் மாமா. காலைல மூடியைத் தொறந்து பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

வேறொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு பெரிய கேரேஜில் விட்டார்கள். ஒயரிங்கம்மாவிடம் போகலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இது ஒயர் சமாசாரம் இல்லையே, எஞ்சின் அல்லவா என்று நினைத்தேன். அந்த கேரேஜ்காரர் சாவியைப் போட்டு முள்ளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். எஞ்சின் சூடு தாங்காமல் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், மேல் பாகம் முழுக்கக் கழற்றி இறக்கவேண்டும் என்றார். சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. "தண்ணி இல்லாம ஓட்டியிருப்பாங்க சார்" என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தார்.

எனக்கு அது போதாதா? வீட்டு வாசலில் வைத்து, என் அக்கா எதிரில், தெருவே பார்க்க, குமரேசனைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன். "பொய் வேற சொல்றியா? தொறந்து பாத்தானாம்! எஞ்சினை எரிச்சுட்டு வந்து நிக்கறான் பாரு!" அவன் இரண்டு தடவை "பாத்தேன் மாமா" என்றான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி சேத்துப்பட்டுக்குப் போய்விட்டான்.

இதோடு நின்றிருந்தால்கூட இதை எழுதமாட்டேன். மறுநாள் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பஸ்களைப் பார்த்துக்கொள்கிற சார் பேசினார். குமரேசன் தன் விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தானாம். "உங்ககிட்டதான் ஓட்டறாராமே, ஆள் எப்படிங்க?" என்று கேட்டார். கோபம் இன்னும் ஆறவில்லை. "என் எஞ்சினையே எரிச்சவன் சார். அவனை நம்பி கொழந்தைங்களை ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துத் திரும்பினால் கதவருகில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சோறு போடுவாள், தட்டு வைக்கிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டை வைத்துவிட்டு ஒரு வாக்கியம் பேசினாள்.

"எஞ்சினைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்த ஒயரிங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எனக்காக வேணாம். வண்டிக்காக."

போன் போட்டேன். "அம்மா, என் மச்சான் இருக்கான் பாரும்மா..." என்று ஆரம்பித்தேன். பழக்கதோஷம்.

"ஆளை வுடுங்கண்ணா."

நடந்ததைச் சொன்னேன். மூன்று கேள்வி கேட்டார். முள் ஏறினபோது ஆவி வந்ததா? தண்ணீர் கீழே கொட்டியதா? கருகின வாடை வந்ததா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அங்கே இல்லையே. இந்த மூன்றையும் அங்கே இருந்தவனிடம் நான் கேட்கவும் இல்லையே என்று அப்போதுதான் சுருக்கென்றது.

"சரி, வண்டியை வூட்டுக்கு இழுத்தாந்துடுங்க. ராத்திரி பூரா நிக்கட்டும். காலைல நான் வர்ற வரைக்கும் சாவியே போடாதீங்க. வண்டி நல்லா ஆறியிருக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிட்டார். பானெட்டைத் திறந்தார். ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்து எனக்குக் காட்டினார். கூலன்ட் கலந்து பச்சையாக, விளிம்புவரை தண்ணீர் நின்றது. மூடிவிட்டு, "கையை வைங்கண்ணா" என்று எஞ்சினைக் காட்டினார். வைத்தேன்.

"எப்படி இருக்குது?"

"ஜில்லுனு இருக்குதும்மா."

"இப்போ சாவியைப் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க. சாவி மட்டும்."

போட்டேன். முள் சர்ரென்று ஏறி சிவப்பில் போய் உட்கார்ந்தது. ஃபேன் ஊளையிட ஆரம்பித்தது. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்துபோன எஞ்சின், கொதிக்கிறது என்று வண்டி கத்துகிறது. ஒயரிங்கம்மா ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகித் தன் போனைக் காட்டினார். நூற்று நாற்பது டிகிரி என்று போட்டிருந்தது.

"உங்க கை ஜில்லுங்குது. மீட்டர் நூத்தி நாப்பதுங்குது. எதை நம்பப் போறீங்க?"

ஒரு பக்கம் சந்தோஷம். எஞ்சின் எரியவில்லை! இன்னொரு பக்கம், ஐயோ, நான் வாயை விட்டேனே என்று இருந்தது. என் புத்தி எங்கே போகும்? உடனே அடுத்த குற்றவாளியைப் பிடித்தேன். "அப்போ அந்த சென்சார்தாம்மா பொய் சொல்லுது! சூட்டைப் பாக்கற சென்சார்! அதைத் தூக்கிக் கடாசும்மா!"

"சென்சாரும் ஒரு ஆளுதாண்ணா. அது பேரையும் சொல்லாதீங்க" என்றார். அந்த அம்மா விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முகத்தில் சிரிப்பு இல்லை என்பதால் அதுகூட விளையாட்டுத்தானா என்று இன்றுவரை சந்தேகம்.

பிறகு எங்கள் வாசல் சிமெண்டில் சாக்பீஸால் படம் போட்டார். இது எஞ்சினில் சூடு பார்க்கிற சென்சார். இதிலிருந்து இரண்டு ஒயர் வண்டியின் மூளைக்கு, உள்ளே இருக்கிற சின்னக் கம்ப்யூட்டருக்குப் போகிறது. சென்சாரில் மாட்டியிருக்கிற ஒயர்ச் சொருகைக் கழற்றிவிட்டால் மூளைக்குச் செய்தியே வராது. செய்தி வராவிட்டால், பனிமலையில் நிற்கிறோம் என்று வண்டி நினைத்துக்கொள்ளும், மைனஸ் நாற்பது என்று காட்டும். "கழட்டினதும் மைனஸ் வந்தா சென்சார் போச்சுன்னு அர்த்தம். வரலைன்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சொருகைக் கழற்றினார்.

போனைப் பார்த்தோம். நூற்று நாற்பது. அசையவே இல்லை.

"பாத்தீங்களா? கழட்டிப் போட்ட பின்னாடியும் கத்திகினு இருக்குது. அப்போ சென்சார் நல்லா இருக்குது. போற வழியில ரெண்டு ஒயரும் எங்கயோ ஒட்டிகினு இருக்குது" என்றார். என் போக்கில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்ல சென்சாரையும் தெருவில் வீசியிருப்பேன்.

சாவியை அணைத்துவிட்டு, ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்குப் பின்னால் கை போய் நின்றது. குனிந்தார். டார்ச்சை அடித்தார். உள்ளே தங்க நிறத்தில் ஏதோ மின்னியது. என் மனைவி டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ஜரிகை. நாலைந்து ஒயர்களைச் சேர்த்துப் பிடித்து, பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, நுனியில் எங்கள் வீட்டுத் தறி முடிச்சு.

இதை நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும். சொல்லாததற்குக் காரணம், அந்த நிமிஷம் வரை எனக்கே ஞாபகம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் பானெட்டுக்குள் எலி புகுந்து ஒயர் மேலே இருந்த உறையைக் கடித்திருந்தது. ஒயர்கள் தொங்கின. நான்தான் பார்த்தேன். தறிமேல் கிடந்த ஜரிகையை எடுத்துவந்து இழுத்துக் கட்டினேன். எங்கள் வீட்டில் எது அவிழ்ந்தாலும் ஜரிகைதான். மூக்குக் கண்ணாடியின் கால், குடையின் கம்பி, கேஸ் அடுப்பின் ட்யூப், என் மகளின் ஸ்கூல் பை, எல்லாவற்றிலும் ஒரு ஜரிகைக் கட்டு இருக்கும். நெசவு வீடுகளில் அது ஒரு வியாதி. கை தானாகவே கட்டிவிடும், தலைக்குத் தெரியாது. எலி கடித்த இடத்தில் கட்டிய ஜரிகை, படவேடு ரோட்டுக் குலுக்கலில் இறுகி இறுகி, அந்த இரண்டு ஒயருக்குள்ளும் இருந்த செம்பைத் தொட்டு ஒன்றாக்கிவிட்டது.

ஒயரிங்கம்மா பிளேடால் கட்டை அறுத்தார். ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரிஜினலாண்ணா?"

"எங்க வூட்ல ஒரிஜினல்தாம்மா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அதான். பிளாஸ்டிக் ஜரிகைன்னா ஒண்ணும் ஆயிருக்காது. இதுல செம்பு, வெள்ளி எல்லாம் இருக்குது இல்ல, கரண்டு போவுது."

என் மனைவி டம்ளரை பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு பார்வை.

இரண்டு ஒயருக்கும் தனித்தனியாக டேப் சுற்றினார். சாவியைப் போட்டோம். மைனஸ் நாற்பது. சென்சாரின் சொருகை மாட்டினார். இருபத்தொன்பது டிகிரி. முள் கீழே கிடந்தது. ஃபேன் வாயைத் திறக்கவில்லை. அந்த அமைதியைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு விடவில்லை அவர். ஸ்டார்ட் செய்து அரைமணி நேரம் ஓடவிட்டார். ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சூடு ஏறவேண்டிய அளவு ஏறியது, ஃபேன் தானாக ஓடியது, கொஞ்சத்தில் தானாக நின்றது, முள் பாதியைத் தாண்டவில்லை. புகைக் குழாய்ப் பக்கம் போய்ப் பார்த்தார், எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார்.

"ஹெட்டு, கேஸ்கெட்டு எல்லாம் நல்லா இருக்குதுண்ணா. எதையும் கழட்ட வேணாம். எங்க வேணா எடுத்துக்கினு போங்க."

நான் அவர் பக்கத்தில் போனேன். "அம்மா, இதைக் கட்டின ஆளு..."

"ஆளை வுடுங்கண்ணா."

"இல்லம்மா, இந்த ஒரு தடவை நான் சொல்லியே ஆவணும். அந்த ஆளு..."

அவர் டெஸ்ட் லைட்டைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார். "எனக்கு வேணாம். எங்க சொல்லணுமோ அங்க போய்ச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, என் மனைவி கொடுத்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடத்து சாருக்குப் போன் போட்டேன். "சார், அன்னிக்கு நான் சொன்னது பொய். எஞ்சின் எரியவே இல்ல. தப்பு அவன்மேல இல்ல, நான் கட்டின ஜரிகை சார்" என்று உளறினேன். அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. "வேற ஒருத்தரை வரச்சொல்லிட்டோமே" என்றார். அவனை ஒரு தடவை பாருங்க சார் என்று கெஞ்சினேன். கடைசியில், "பன்னெண்டு மணிக்குள்ள ரெண்டு பேரும் நேர்ல வாங்க, பாக்கலாம்" என்றார்.

காரை நானே ஓட்டிக்கொண்டு சேத்துப்பட்டுக்குப் போனேன். குமரேசன் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தான். மூன்று நாள் தாடி. காரைப் பார்த்ததும் முதலில் முள்ளைத்தான் எட்டிப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினான்.

அந்த சாரிடம் நான் நின்றுகொண்டே பேசினேன். எலியில் ஆரம்பித்து ஜரிகை வரைக்கும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க்கம்மா வாயில் கையை வைத்துச் சிரித்தார். சிரிக்கட்டும். சார் குமரேசனைப் பார்த்து, "வண்டி கொதிக்குதுன்னு முள் காட்டினதும் நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"ஓரம் கட்டி, ஆஃப் பண்ணிட்டு, எல்லாரையும் எறக்கி மரத்தடியில நிக்க வெச்சேன் சார். அப்பால மாமாக்குப் போன் பண்ணேன்."

சார் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த மரத்தடி விஷயமே அப்போதுதான் தெரியும். பஸ்ஸை எடுத்து ஏரிக்கரை வரை ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினான். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்.

மறுநாள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு ஒயரிங்கம்மாவிடம் போனேன். வேலை கிடைத்ததையும் பெண் வீட்டில் சரி சொன்னதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் ஒரு ஸ்வீட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "ஃபேன் தானா நிக்குதா?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். தலையை ஆட்டினார். இரண்டு வருஷத்தில் அவர் குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். இப்போது வண்டியில் ஏதாவது வந்தால் நான் வேறு ஆளிடம் போகிறேன். அவர்கள் முதல் கேள்வியே, "யாரு சார் ஓட்டினது?" என்பதுதான்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அது வண்டியைப் பற்றியது இல்லை, ஆளைப் பற்றியது. சொன்னால் நிறுத்தச் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடத்திலிருந்து குமரேசனை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஆரணிக்குத் திரும்பினேன். நான்தான் ஓட்டினேன். பாதி வழிவரை அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மாமா, அந்தம்மா மூடியைத் தொறந்தப்போ தண்ணி நெஜமாவே இருந்துச்சா?"

"விளிம்பு வரைக்கும் இருந்துச்சுடா."

"இல்ல... நான் பாத்தேன்னுதான் எனக்கு ஞாபகம். நீங்க அவ்ளோ சத்தம் போட்டதும், ஒருவேளை முந்தின நாள் பாத்ததைத்தான் இன்னிக்குன்னு நெனச்சுகினேனோன்னு ஆயிப்போச்சு. மூணு நாளா அந்த மூடியைத் தொறந்தேனா இல்லையான்னு யோசிச்சுகினே இருந்தேன். கொழந்தைங்க ஏறுற வண்டி மாமா. எம்மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு. வேலை வேணாம்னு நானே சொல்லிடலாம்னு இருந்தேன்."

"பாத்தடா. நீ தொறந்து பாத்த" என்றேன். திரும்பவும் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், ஊர் எல்லை வருவதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று நாள் தூங்காதவனின் தூக்கம்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். சத்தம் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். எஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வான் என்று அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.